முதலமைச்சர் நாற்காலி: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். தமிழ்நாட்டின் முதல் முதலமைச்சர் யார்? ஒரு புத்தகம் சுப்பராயலு ரெட்டியார் என்கிறது, இன்னொன்று ராஜாஜி என்கிறது, மூன்றாவது அண்ணா என்கிறது.

பதில்: மூன்றும் வேறு வேறு நாற்காலியைச் சொல்கின்றன, தம்பி. எந்தச் சட்டத்தின் கீழ் வந்த பதவி என்று பார்க்காமல் எண்ண ஆரம்பிக்காதீர்கள்.

1919 இந்திய அரசுச் சட்டத்தின்படி 1920 கடைசியில் சென்னை மாகாணத்தில் தேர்தல் நடந்தது. காங்கிரஸ் புறக்கணித்தது, நீதிக்கட்சி வென்றது. ஆளுநர் வெலிங்டன் பிரபு முதலில் அழைத்தது பிட்டி தியாகராயரை. அவர் பதவி வேண்டாம் என்று சொல்லிவிட, டிசம்பர் 17 அன்று சுப்பராயலு ரெட்டியார் முதல் மந்திரி ஆனார். 1937இல் ராஜாஜி ஏற்றது 1935 சட்டத்தின் கீழ் வந்த பதவி. அப்போது பிரதம மந்திரி, பிரீமியர் என்றுதான் சொன்னார்கள். அண்ணா 1967 மார்ச் 6 அன்று பதவியேற்றபோதும் மாநிலத்தின் பெயர் மெட்ராஸ். 1969 ஜனவரி 14 அன்று அது தமிழ்நாடு ஆயிற்று, பிப்ரவரி 3 அன்று அவர் மறைந்தார். தான் சூட்டிய பெயரில் அவர் முதல்வராக இருந்தது மூன்று வாரம்கூட நிறையவில்லை.

கேள்வி: சுப்பராயலு ரெட்டியாருக்கு உண்மையில் என்ன அதிகாரம் இருந்தது?

பதில்: இதைக் கேட்டதற்கு நன்றி. அவரை யாருமே விசாரிப்பதில்லை.

அது இரட்டை ஆட்சி. கல்வி, உள்ளாட்சி, சுகாதாரம், விவசாயம் போன்றவை மந்திரிகளிடம் இருந்தன. போலீஸ், நிதி, நிலவரி எல்லாம் ஆளுநரிடமும் அவருடைய நிர்வாகக் குழுவிடமும் இருந்தன. ஓர் ஊருக்குப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்வி மந்திரி திட்டம் போடலாம், ஆனால் பணத்துக்கு நிதித்துறை தலையசைக்க வேண்டும். அந்தத் துறை மக்கள் தேர்ந்தெடுத்த மந்திரி யாருக்கும் கட்டுப்பட்டதல்ல. மொத்தமே மூன்று மந்திரிகள்: அவர், பனகல் ராஜா, கே. வி. ரெட்டி நாயுடு. உடல்நலம் கெட்டு 1921 ஜூலையில் ரெட்டியார் விலகினார், அந்த ஆண்டே காலமானார்.

அடுத்து வந்த பனகல் ராஜா இதே கட்டுகளுக்குள் இருந்துகொண்டுதான் அரசு வேலைகளை எல்லா வகுப்பினருக்கும் பங்கிட்ட வகுப்புவாரி அரசாணையையும் இந்து சமய அறநிலையச் சட்டத்தையும் கொண்டுவந்தார். இவர்களைப் பொம்மை மந்திரிகள் என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியாது. கையில் இருந்த கொஞ்ச அதிகாரத்தை வைத்து அவர்கள் செய்த வேலை பெரியது.

கேள்வி: துணை முதலமைச்சருக்கு அரசியலமைப்பில் என்ன அதிகாரம்?

பதில்: அப்படி ஒரு பதவியையே அரசியலமைப்பு சொல்லவில்லை. சட்டத்தின் கண்ணில் அவரும் ஓர் அமைச்சர்.

கேள்வி: சார், எங்கள் பட்டா ஒரு வருஷமாக நிற்கிறது. முதல்வருக்கு மனு கொடுத்தால் நடக்குமா?

பதில்: கொடுக்கலாம், ஆனால் அது சுற்றி உங்கள் மாவட்டத்துக்குத்தான் வரும். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் நேரில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வையுங்கள்.

கேள்வி: தமிழகத்தின் முதல் முதல்வர் ஓமந்தூரார்தானே?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். எந்தச் சட்டம் என்று பாருங்கள்.

கேள்வி: படித்துவிட்டுத்தான் கேட்கிறேன். நிதியும் போலீசும் இல்லாதவரை எப்படி ஆட்சித் தலைவர் என்பது? முழு அமைச்சரவையோடு ஆண்ட ராஜாஜியிலிருந்துதான் எண்ண வேண்டும்.

பதில்: வாதத்தில் வலு இருக்கிறது. 1937இல் 215 இடங்களில் 159 இடங்களைக் காங்கிரஸ் பிடித்தது. எல்லாத் துறையும் மந்திரிகளிடம் வந்தது. சேலத்தில் மதுவிலக்கும் பொது விற்பனை வரியும் அந்த ஆட்சியில் வந்தவை. ஆனால் அந்த வரிசையும் ராஜாஜியிடம் தொடங்கவில்லை. ஆளுநர் தன் தனி அதிகாரங்களைப் பயன்படுத்தக்கூடாது என்று காங்கிரஸ் உறுதி கேட்டுப் பதவியேற்காமல் இருந்தது. அந்த இடைவெளியில், ஏப்ரலிலிருந்து ஜூலை வரை, தலைமை வகித்தவர் கே. வி. ரெட்டி நாயுடு. 1920இல் மூன்று மந்திரிகளில் ஒருவராக இருந்த அதே மனிதர். 1935 சட்டப்படி முதலில் உட்கார்ந்தவர் அவர்தான்.

கேள்வி: இருவரும் தவறு. தலைக்குமேல் வெள்ளைக்கார அரசு இருந்தவரை எவரும் மக்கள் முதல்வர் இல்லை. 1947 ஆகஸ்ட் 15 அன்று பதவியில் இருந்தவர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார்.

பதில்: உங்கள் உணர்வு எனக்குப் புரிகிறது. மந்திரிசபையைக் கேட்காமலே இந்தியாவைப் போரில் இறக்கினார்கள் என்றுதான் 1939 அக்டோபரில் ராஜாஜி விலகினார். 1946 ஏப்ரலில் அடுத்த பிரதம மந்திரியாகப் பிரகாசம் வரும்வரை ஆளுநர் நேரடியாகவே ஆண்டார். ஆறு வருஷத்துக்கு மேல் நாற்காலியே இல்லை! ஓமந்தூரார்மேல் எனக்கும் பெரும் மதிப்பு உண்டு. தேவதாசி ஒழிப்புச் சட்டமும் ஜமீன் ஒழிப்புச் சட்டமும் அவர் காலத்தவை.

ஆனால் அவரும் பதவியேற்றது 1947 மார்ச்சில், பழைய சட்டத்தின் கீழ். முதலமைச்சர் என்ற பதவியை அரசியலமைப்பின் 163, 164ஆம் பிரிவுகள்தான் உருவாக்கின. அது நடைமுறைக்கு வந்த 1950 ஜனவரி 26 அன்று நாற்காலியில் இருந்தவர் ராஜபாளையம் பி. எஸ். குமாரசாமி ராஜா. அவர் பெயரை நீங்கள் யாருமே சொல்லவில்லை. எனக்கு அதுதான் வருத்தம்.

கேள்வி: அப்படியானால் முதல் முதல்வர் குமாரசாமி ராஜாவா?

பதில்: இந்திய அரசியலமைப்பின் கீழ், ஆம். இனி இந்தக் கேள்விக்குப் பதில் எழுதமாட்டேன்.

கேள்வி: தேர்தலில் நிற்காமலே முதல்வராக முடியுமா?

பதில்: முடியும். சட்டமன்ற உறுப்பினராவதற்கு அரசியலமைப்பின் 164(4) ஆறு மாத அவகாசம் தருகிறது. 1952இல் 375 இடங்களில் காங்கிரசுக்கு 152தான் கிடைத்தது. தேர்தலில் நிற்காத ராஜாஜியை ஆளுநர் ஸ்ரீபிரகாசா அப்போது இருந்த சட்ட மேலவைக்கு நியமித்து முதல்வராக்கினார். அன்றைக்கே கடுமையான எதிர்ப்பு எழுந்தது, நியாயமான எதிர்ப்பு என்றே நினைக்கிறேன். 1954இல் காமராஜர் முதல்வரானபோது எம்.பி.யாக இருந்தார். அவருக்கும் மேலவை வழி திறந்தே இருந்தது, ஆனால் குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று ஜெயித்துச் சட்டசபைக்கு வந்தார்.

ஒன்றை மறக்காதீர்கள்: அவகாசம் தகுதியுள்ளவருக்கு மட்டும். 2001 மே மாதம் பதவியேற்ற ஜெயலலிதாவின் நியமனம் செல்லாது என்று செப்டம்பர் 21 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது இதன்மேல்தான். தண்டனை பெற்றுப் போட்டியிடத் தகுதி இழந்திருந்தவருக்கு அந்த ஆறு மாதம் கிடையாது என்பது தீர்ப்பு. பன்னீர்செல்வம் முதல்முறை முதல்வரானது அப்போதுதான்.

கேள்வி: முதல் பெண் முதல்வர் ஜெயலலிதா அல்லவா?

பதில்: இல்லை. வி. என். ஜானகி. 1988 ஜனவரி 7 முதல் 30 வரை.

கேள்வி: ஐயா, முதலில் கேட்டவன் நான்தான். தேர்வில் எதை எழுதுவது?

பதில்: கேள்வியில் உள்ள சொல்லைப் பாருங்கள், தம்பி. "சென்னை மாகாணத்தின் முதல்" என்றால் சுப்பராயலு ரெட்டியார். "விடுதலையின்போது" என்றால் ஓமந்தூரார். "தமிழ்நாடு என்று பெயர் மாறியபோது" என்றால் அண்ணா. விடைக்குறிப்பு வேறு மாதிரி வந்தால் ஆட்சேபம் தெரிவிக்க அவகாசம் தருவார்கள். சட்டத்தின் ஆண்டையும் பதவியேற்ற தேதியையும் குறிப்பிட்டு அதற்குள் எழுதிப் போடுங்கள்.