அப்பாவின் உரிமம் அப்பாவோடு முடிந்தது

கேள்வி: ஒடுகத்தூர் பக்கம் எங்கள் நிலம். காட்டுப்பன்றிக்காக அப்பா உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருந்தார். அவர் இறந்து ஒரு வருடம் ஆகிறது. துப்பாக்கியைத் தம்பி ஆம்பூருக்குத் தூக்கிப் போய்விட்டான். தோட்டாக்களும் தாத்தா காலத்துக் கருமருந்து ஒரு பாட்டிலும் என் டிரங்குப் பெட்டியில் உள்ளன. பாகப்பிரிவினை முடியும்வரை இவற்றைக் கெடாமல் எப்படி வைப்பது? தம்பி மீது புகார் தரலாமா?

பதில்: தம்பி செய்த அநியாயத்தை மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அது பாகப்பிரிவினைக்கு. இப்போது முக்கியம் ஒன்றுதான்: தோட்டா உங்கள் பெட்டியில், சாவி உங்கள் கையில்.

உரிமம் வாரிசுக்குத் தானாக வராது. ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 21-ன்படி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கி வியாபாரியிடமோ தாமதமின்றி ஒப்படைத்திருக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு, உரிமமில்லாமல் வைத்திருந்தால் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. ‘தோட்டா மட்டும்தானே’ என்ற வாதம் எடுபடாது.

புகார் கொடுத்தால் தம்பி வாயைத் திறப்பார். அடுத்த சோதனை உங்கள் வீட்டில்தான். அதற்குப் பயந்து எங்கேயாவது போட்டுவிடவும் வேண்டாம். என்னிடம் வந்த ஒருவர் தோட்டாக்களைக் கிணற்றில் போட்டிருந்தார். தூர் வாரும்போது சேற்றோடு மேலே வந்தன. ‘ஏன் மறைத்தாய்?’ என்ற கேள்விக்குக் கடைசிவரை அவரிடம் பதில் இல்லை. நீங்களாகப் போய் ஒப்படைப்பது வேறு, சிக்குவது வேறு. உரிமமில்லாமல் வைத்திருந்ததாக வழக்கு நடத்த மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி தேவை. நீங்களே எழுதிக் கொடுத்த கடிதம் அங்கே உங்களுக்காகப் பேசும்.

கருமருந்து பாட்டிலைத் தொடாதீர்கள். மூடியின் மரையில் தூள் சிக்கியிருக்கும், திருகினால் உரசும். நமத்துப்போனது, செத்திருக்கும் என்றும் நம்பாதீர்கள்; காய்ந்துவிட்டால் ஒரு பொறி போதும். பைக்கிலோ பஸ்ஸிலோ எடுத்துப் போகக் கூடாது. அந்த அறையில் அடுப்பு, விளக்கு, பீடி எதுவும் வேண்டாம். வக்கீலோடு காவல் நிலையம் போய் எழுதிக் கொடுங்கள், அவர்கள் வந்து எடுக்கட்டும்.

அதற்கு முன் தம்பியோடு உட்கார்ந்து பேசுங்கள். ஆம்பூர் இப்போது திருப்பத்தூர் மாவட்டம், நீங்கள் வேலூர். இரண்டு பேரும் ஒரே நாளில் ஒப்படைப்பது நல்லது. அப்புறம் யாராவது ஒருவர் 2016 ஆயுத விதிகளின்படி வாரிசு உரிமத்துக்கு மனு போடலாம், மற்றவர் ஆட்சேபணை இல்லை என்று பிரமாணப் பத்திரம் தரட்டும். இல்லையென்றால் வியாபாரி மூலம் விற்றுப் பணத்தைப் பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு பழைய துப்பாக்கிக்காக அண்ணன் தம்பி இரண்டு பேரும் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டாம்.

ஒப்படைக்கும்போது தோட்டாக்களை எதிரிலேயே எண்ணச் சொல்லி, எண்ணிக்கை எழுதிய ரசீது வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.