தாத்தாவை ஜப்பான்காரன் பிடித்து வைத்திருந்தான்: இழப்பீடு கிடைக்குமா?

கேள்வி: ஐயா, என் தாத்தாவுக்கு 98 வயது. 1943இல், சிங்கப்பூர் ஜப்பான்காரன் கையில் இருந்த காலத்தில், 15 வயதுப் பையனாக இருந்தபோது, ஜப்பானிய ராணுவப் போலீஸ் அவரை ஒய்எம்சிஏ கட்டடத்துக்கு இழுத்துப்போய் மூன்று வாரம் வைத்து விசாரித்ததாம். இப்போது தேக்காவில் ஒருவர், ஜப்பான் இழப்பீடு தருகிறது, கைதிச் சான்றிதழ் ஒன்று இருந்தால் போதும், பதிவுக் கட்டணம் 380 வெள்ளி என்கிறார். அந்தச் சான்றிதழை எங்கே வாங்குவது? – யீஷூன் வாசகர்

பதில்: முதலில் அந்த 380 வெள்ளியைக் கட்டாதீர்கள். கட்டிவிட்டீர்கள் என்றால் ரசீது, வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காமல் 1799 என்ற மோசடித் தடுப்பு உதவி எண்ணைக் கூப்பிடுங்கள், அப்புறம் போலீசில் புகார் கொடுங்கள்.

அப்படி ஒரு சான்றிதழே கிடையாது. 1945 ஆகஸ்டில் தோற்றதும் ஜப்பானிய ராணுவம் தன் காகிதங்களைக் குவித்துக் கொளுத்தியது. ஒரு பையனை மூன்று வாரம் அடைத்து வைத்ததை யாராவது எழுதி வைத்திருந்தாலும் அது மிஞ்சியிருக்கும் என்று நம்பி அலைய வேண்டாம்.

இழப்பீடும் அப்படித்தான். 1966இல் இரண்டு அரசுகளும் பேசி முடித்து, 1967 செப்டம்பரில் ஒப்பந்தம் போட்டார்கள். ஜப்பான் தந்தது 50 மில்லியன் வெள்ளி. அதில் பாதிதான் மானியம், மீதி கடன்! போர்க்கால விவகாரம் முழுசாகத் தீர்ந்தது, சிங்கப்பூரோ அதன் குடிமக்களோ இனி எதுவும் கேட்பதில்லை என்றும் அதில் எழுதியாயிற்று. அடிபட்ட ஆளுக்கு இவ்வளவு என்று யாருக்கும் பிரித்துக் கொடுக்கவில்லை. உங்கள் தாத்தா மாதிரி ஆட்களை ஒரு வார்த்தை கேட்டார்களா என்றால், இல்லை, அரசாங்கங்கள் கணக்கு முடிக்கிற லட்சணம் அது.

இந்த ஏஜெண்டுகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். முதலில் அடையாள அட்டை நகல் கேட்பார்கள், பிறகு வங்கிக் கணக்கு எண், பிறகு வயதானவருக்குக் கை நடுங்குகிறதே என்று அக்கறையாக வெற்றுத்தாளில் பெருவிரல் ரேகை. அந்த ரேகைக்கு மேலே நாளைக்கு என்ன டைப் ஆகும் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சத்தியப் பிரமாணம் எடுத்தால் அதுவே ஆதாரம் என்பார்கள்; தாத்தா இப்படிச் சொன்னார் என்பதற்குத்தான் அது ஆதாரம், அவர் சொன்னது நடந்ததற்கு இல்லை. வீட்டில் ஜப்பான்காரன் அச்சடித்த பழைய வாழைமர நோட்டு இருந்தால் அதையும் மாற்றித் தருவதாக வாங்கிக்கொள்வார்கள். பிரிட்டிஷ்காரன் திரும்பி வந்ததுமே செல்லாது என்று சொன்ன நோட்டு அது. ஜப்பானிய ஆண்டு 2603 என்று போட்ட ஒரு காகிதத்தைக் காட்டி மிரட்டினால் மயங்காதீர்கள், 2603 என்றால் 1943, அவ்வளவுதான், அதை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம்.

காகிதம் எதுவும் மிஞ்சாது என்றேனே, அதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, இதைப் பொறுமையாகப் படியுங்கள். உங்கள் தாத்தாவைப் பிடித்தது நிஜமாகவே ஜப்பான்காரர்தானா? 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்த பிறகு நம் பையன்கள் பலர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். போர் முடிந்து 1945 செப்டம்பரில் பிரிட்டிஷ் படை வந்து இறங்கியதும், அந்த ராணுவத்தில் இருந்தவர்களை அவர்கள் பிடித்து விசாரித்து, பிரிட்டிஷாருக்கு எவ்வளவு விசுவாசம் என்று பார்த்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று தரம் பிரித்தார்கள். எண்பது வருஷத்தில் இந்த இரண்டும் குடும்பக் கதையில் ஒன்றாகக் கலந்துபோவது சகஜம். தேதி கேட்டால் தாத்தா குழம்புவார். வாழைமர நோட்டு செல்லாமல் போனதற்கு முன்பா பின்பா என்று கேளுங்கள், அந்தக் காலத்து ஆட்களுக்கு அது மறக்காது. கேள்வி கேட்டவன் மொழிபெயர்ப்பாளர் வைத்துக் கேட்டானா, ஆங்கிலத்தில் கேட்டானா என்றும் கேளுங்கள். பின்பு நடந்தது, பிரிட்டிஷ்காரன் கேட்டான் என்று வந்தால் தேட வேண்டிய இடமே வேறு. லண்டன், டெல்லி ஆவணக் காப்பகங்களில் ஏதாவது அகப்பட வாய்ப்பு உண்டு. அப்போதும் பணம் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை.

ஒய்எம்சிஏதான் என்று அவர் உறுதியாகச் சொன்னால், அங்கே நடந்தது நீதிமன்றத்தில் பதிவாகியிருக்கிறது. 1943 அக்டோபர் 10இல் தொடங்கிய கைதுகளில் 57 பேர் பிடிபட்டார்கள், 15 பேர் செத்தார்கள். அதற்காக 1946 மார்ச்சில் அந்த ராணுவப் போலீஸ் தரப்பில் 21 பேரைக் கூண்டில் ஏற்றினார்கள். கைதிகள் காலை எட்டு மணியிலிருந்து இரவு பத்து வரை கையைத் தரையில் ஊன்றாமல், பேசாமல், நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும், விளக்கு ராத்திரி முழுக்க எரியும், தண்ணீருக்கு அறையில் இருந்த கக்கூஸ் பீங்கான்தான் என்றெல்லாம் அதில் வந்திருக்கிறது. ஆகவே தாத்தா கக்கூஸில் தண்ணீர் குடித்தேன் என்றால் வயசாகி உளறுகிறார் என்று நினைக்காதீர்கள். சிங்கப்பூரில் நடந்த 131 போர்க்குற்ற வழக்குகளின் சுருக்கம் இணையத்தில் இருக்கிறது. தேடும்போது தாத்தா பெயரைப் போடாதீர்கள், நம் பெயர்களை வெள்ளைக்காரன் எழுதிய அழகுக்கு ஒன்றும் கிடைக்காது. இடத்தைப் போட்டுத் தேடுங்கள்.

அவர் இருக்கும்போதே செய்யக்கூடியது ஒலிப்பதிவுதான். போனை நடுவில் வைத்து நாலு பேர் எதிரே உட்கார்ந்து கேள்வி மேல் கேள்வி கேட்காதீர்கள், அதை அவர் 15 வயதிலேயே பார்த்துவிட்டார். ஒருவர் போதும், பகல் நேரம், சாப்பிட்ட பிறகு. என்ன சாப்பாடு போட்டார்கள், பக்கத்தில் யார் இருந்தார், வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தீர்கள் என்று ஆரம்பியுங்கள். யார் பெயரைச் சொன்னீர்கள் என்று மட்டும் கேட்கவே கேட்காதீர்கள். அடிதாங்காமல் சின்னப் பையன்கள் வாய்க்கு வந்த பெயரைச் சொல்லியிருப்பார்கள், அதை ஆயுசு முழுக்க யாரிடமும் சொல்லாமல் வைத்திருப்பார்கள். அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். பதிவை நிறுத்து என்றால் நிறுத்திவிடுங்கள்.

முடிந்ததும் கேனிங் ரைஸில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையத்துக்கு எழுதிப் பாருங்கள். ஜப்பானியர் காலம் பற்றி 1981லிருந்தே பதிவு செய்கிறார்கள், தமிழிலும் உண்டு. படிவம், அனுமதி, மறுபடி ஒரு படிவம் என்று இழுக்கும், தயாராக இருங்கள். 98 வயதுக்காரரைப் பற்றிய கடிதத்துக்கு எந்த அலுவலகமாவது கொஞ்சம் வேகமாகப் பதில் போட்டால் நானும் பார்க்க ஆசைப்படுகிறேன். எதையும் கையெழுத்திடும் முன், யார் கேட்கலாம், எப்போது கேட்கலாம் என்ற நிபந்தனையைத் தாத்தாவுக்குத் தமிழில் படித்துக் காட்டுங்கள். அசல் பதிவை வீட்டிலேயே வைத்துக்கொண்டு நகலை மட்டும் கொடுங்கள்.