திருகோணமலையில் இருந்துகொண்டே சீரியலுக்கும் படத்துக்கும் ஒடிஷன் வீடியோ அனுப்புவது எப்படி?

கொழும்பு இங்கிருந்து ஏறக்குறைய 260 கிலோமீற்றர், சென்னை கடலுக்கு அப்பால். அதனால் முதல் தெரிவு உங்கள் போன் வீடியோவிலேயே முடிந்துவிடும்.

சத்தத்தில் தொடங்குங்கள். படம் கொஞ்சம் மங்கினாலும் பார்ப்பார்கள், வசனம் விளங்காவிட்டால் மூடிவிடுவார்கள். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் ஜன்னலைத் திறந்துவைத்து எடுத்தால் மைக்கில் காற்றுத்தான் இரையும். ஃபானையும் நிறுத்த வேண்டும். வியர்க்கும்தான், துடைத்துத் துடைத்துச் சின்னச் சின்னதாக எடுங்கள். டைல்ஸ் போட்ட வெறும் ஹோல் எதிரொலிக்கும், மெத்தையும் திரைச்சீலையும் உள்ள படுக்கையறை நல்லது. கொலரில் குத்தும் மைக் இருந்தால் நாடிக்கு ஒரு சாண் கீழே.

வெளிச்சத்துக்கு மூடிய கண்ணாடி ஜன்னலே போதும். அதைப் பார்த்து நில்லுங்கள்; முதுகுக்குப் பின்னால் வந்தால் முகம் கறுத்துவிடும். காலையில் கடல்பக்க ஜன்னலால் நேர்வெயில் விழும், அப்போது மேற்கு ஜன்னல். இரவில் ரியூப் லைற்றுக்குக் கீழே எடுத்தால் படத்தில் கோடு கோடாக ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். பல போன்கள் விநாடிக்கு 30 ஃபிரேமில் எடுக்கின்றன, இரண்டும் ஒத்துப்போவதில்லை. 25 ஃபிரேம், ஷட்டர் வேகம் 1/50 விநாடி என்று மாற்றினால் பெரும்பாலும் நின்றுவிடும்.

போனைப் படுக்கையாக, கண் உயரத்தில், பின்பக்கக் கமராவில் வையுங்கள். நெஞ்சுக்கு மேலே தெரிந்தால் போதும். பியூட்டி ஃபில்டர் வேண்டவே வேண்டாம். எதிர்வசனம் வாசிப்பவர் லென்ஸை ஒட்டி நிற்கட்டும், நீங்கள் அவர் கண்ணைப் பாருங்கள். அவர் மைக்குக்குக் கிட்ட என்பதால் மெல்ல வாசிக்க வேண்டும், இல்லாவிட்டால் அவருடைய ஒடிஷன் ஆகிவிடும்.

தமிழ்த்தினப் போட்டி நாடகத்திலும் கூத்திலும் பழகியவர்களுக்கு வரும் சிக்கல் புருவம். கடைசி வரிசைக்குத் தெரியவேண்டி உயர்த்திய புருவம் குளோசப்பில் மிரட்டும். குரலைப் பக்கத்துக் கதிரைக்குக் கேட்கிற அளவில் வையுங்கள். இரண்டு டேக் அனுப்புவதென்றால் இரண்டும் வேறு வேறு மனநிலையில் இருக்கட்டும்.

கொழும்புத் தயாரிப்புக்கு உங்கள் பேச்சே சரி. சென்னைப் பாத்திரத்துக்கு ‘வாறன், கதைக்கிறன்’ போய் ‘வர்றேன், பேசுறேன்’ வரவேண்டும். பாதி அது பாதி இது என்றால் இரண்டுக்கும் உதவாது. பாத்திரமே ஈழத்தவர் என்றால் மாற்றாதீர்கள். 2015இல் கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை விருது வென்ற ‘தீபன்’ படத்தின் நாயகனாக ஈழத்து எழுத்தாளர் ஷோபாசக்தி பொருந்தியதில் அந்தப் பேச்சுக்கும் பங்குண்டு. திரைக்கு நடிப்பு வழியாகத்தான் போகவேண்டும் என்றுமில்லை: லொஸ்லியா சக்தி ரிவியில் செய்தி வாசித்தவர், 2019இல் பிக் பாஸ், அதன்பிறகு சினிமா.

தொடக்கத்தில் பெயர், வயது, உயரம், ஊர், தெரிந்த மொழிகள். பத்து விநாடிக்குள் முடியுங்கள். வட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் தரம் நசுங்கும், டொக்கியுமெண்டாக அனுப்புங்கள். டிரைவ் லிங்க் என்றால் எவரும் திறக்கும்படி அனுமதியை மாற்றி, வேறு போனில் திறந்து பாருங்கள். ‘பதிவுக் கட்டணம்’ கேட்டால் அது ஒடிஷனே அல்ல.

சென்னையில் தெரிவானால், சுற்றுலா விசாவில் போய்ச் சம்பளத்துக்கு நடிக்க முடியாது. தயாரிப்பாளர் கடிதம் தந்து, உரிய விசா எடுக்கவேண்டும். கடிதத்துக்கு இழுத்தடித்தால் டிக்கெட் போடாதீர்கள்.