சிவப்பு உறை திரும்பிப் போக எத்தனை நாள்?

(இது 2008 அக்டோபரில் எழுதிய பதில். விலை, தபால் வேகம், விசா விதி எல்லாம் அன்றைய நிலவரம். நெட்ஃபிளிக்ஸ் டிவிடி அனுப்புவதை 2023-ல் நிறுத்திவிட்டது.)

தம்பி, நியூஜெர்சிக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது என்று எழுதியிருந்தீர்கள். சிவப்பு உறையில் டிவிடியைத் தபாலில் வாடகைக்கு அனுப்பும் நெட்ஃபிளிக்ஸில், ஒரே சமயத்தில் மூன்று டிவிடி வைத்துக்கொள்ளும் திட்டத்தில் சேர்ந்திருக்கிறீர்கள், மாதம் 16.99 டாலர். ஒரே நாளில் வந்துவிடும் என்று நண்பர்கள் சொன்னார்கள், ஆனால் ஒரு படத்தைத் திருப்பி அனுப்பி அடுத்தது கைக்கு வர ஐந்தாறு நாள் ஆகிறது. தாமதம் தபாலிலா, கம்பெனியிலா, எப்படிச் சோதித்துப் பார்ப்பது, பேசாமல் திட்டத்தைக் குறைத்துவிடலாமா என்பது உங்கள் கேள்வி.

மனைவி உங்களைச் சார்ந்தவர் என்ற எச்-4 விசாவில் வந்திருக்கிறார், வேலைக்குப் போக முடியாது, காரும் இன்னும் பழகவில்லை, பகல் முழுக்கத் தனியாக இருக்கிறார் என்றும் சொல்லியிருந்தீர்கள். அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நாலரை மணிக்கே இருட்டிவிடும் குளிர்காலம் இனிமேல்தான் வரப்போகிறது. அந்த மாதங்களில் வெள்ளிக்கிழமை சாயந்திரம் தபால் பெட்டியில் ஒரு படம் இருப்பதும் இல்லாததும் சின்ன விஷயம் இல்லை. நாங்களும் அந்த முதல் குளிர்காலத்தைக் கடந்து வந்தவர்கள்தான்.

நேராகச் சொல்லிவிடுகிறேன்: தபால் மெதுவாகப் போவதில்லை. பெரும்பாலும் நாள் வீணாவது உங்கள் கைக்கும் தபால் வண்டிக்கும் நடுவில்தான்.

ஒரு டிஸ்க் போய் வருவதை மூன்று துண்டாகப் பிரித்துப் பாருங்கள். நீங்கள் பெட்டியில் போட்டதிலிருந்து நெட்ஃபிளிக்ஸ் மையத்தில் போய்ச் சேரும் வரை ஒன்று. அங்கே அதைப் பிரித்துப் பார்த்து, அடுத்த படத்தை அனுப்பும் வரை இன்னொன்று. அங்கிருந்து உங்கள் வீட்டுக்கு வருவது மூன்றாவது. பின் இரண்டுக்கும் தேதி உங்கள் ஈமெயிலிலேயே இருக்கிறது. "வந்து சேர்ந்தது" என்று ஒன்று வரும், "அடுத்ததை அனுப்பிவிட்டோம்" என்று ஒன்று வரும். முதல் துண்டுக்கு மட்டும் யாரும் தேதி தர மாட்டார்கள், அதை நாம்தான் குறித்து வைக்க வேண்டும். எந்தத் தேதியில் போட்டீர்கள் என்று சில சமயம் அவர்களே ஈமெயிலில் கேட்பார்கள். சரியான தேதியைச் சொல்லிவிடுங்கள், அவர்களும் தபாலின் வேகத்தை அப்படித்தான் கணக்கெடுக்கிறார்கள்.

நாடு முழுக்க அவர்களுக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. நம் பக்கம் ஊர்கள் நெருக்கமாக இருப்பதால் மையமும் பக்கத்திலேயே இருக்கும். முதல் வகுப்புத் தபால் பக்கத்து ஊருக்குப் போக ஒரு இரவு போதும். விடியும் முன்பே மையத்து ஆட்கள் போய்த் தபால் நிலையத்திலிருந்து உறைகளை எடுத்து வந்துவிடுவார்கள். ஒவ்வொன்றையும் கையால் பிரித்து, டிஸ்க்கில் கீறல் இருக்கிறதா என்று பார்த்து, பட்டைக்கோட்டை ஸ்கேன் செய்வார்கள். அன்றைக்கே அடுத்த ஆளுக்கான உறை கட்டித் தபாலுக்குப் போய்விடும்.

இப்போது நாள் கணக்கைப் பாருங்கள், விஷயமே இதில்தான் இருக்கிறது. திங்கள்கிழமை தபால் வண்டி எடுத்துக்கொண்டு போன டிஸ்க் செவ்வாய் காலை மையத்தில் இருக்கும். அன்றைக்கே அடுத்தது கிளம்பும், புதன்கிழமை உங்கள் வீட்டில். புதன் இரவே பார்த்துவிட்டு வியாழக்கிழமை வண்டியில் ஏற்றிவிட்டால் வெள்ளி மையத்தில், சனிக்கிழமை அடுத்த படம் கையில். இங்கே சனிக்கிழமையும் தபால் பட்டுவாடா உண்டு. ஆக ஒரு வாரத்தில் ஒரு டிஸ்க்குக்கு இரண்டு சுற்று. மூன்று டிஸ்க் என்றால் வாரத்துக்கு ஆறு படம், மாதத்துக்கு இருபத்துநான்கு. ஒரு படம் எழுபது சென்ட் சுமாருக்கு வந்துவிடுகிறது.

அதே வியாழக்கிழமை வண்டியைத் தவறவிட்டால் என்ன ஆகிறது? வெள்ளிக்கிழமைதான் கிளம்பும். சனி, ஞாயிறு அந்த மையங்கள் வேலை செய்வதில்லை. திங்கள்தான் பிரிப்பார்கள், செவ்வாய்தான் அடுத்தது வரும். வியாழன் மதியம் அரை மணி நேரம் பிந்தியதற்கு மூன்று நாள் போய்விட்டது, அதுவும் வார இறுதியோடு சேர்த்து. உங்கள் ஐந்தாறு நாள் இப்படித்தான் வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. இரவு பத்து மணிக்குப் படம் முடிந்து, மறுநாள் ஆபீஸ் முடிந்து வந்து பெட்டியில் போடுகிறீர்கள் என்றால் அது கிளம்புவது அதற்கும் அடுத்த நாள்தான்.

சரி, சோதனைக்கு வருவோம். வீட்டில் பார்த்து முடித்த டிஸ்க் இரண்டு இருக்கும் நாளாகத் தேர்ந்தெடுங்கள். திங்கள் அல்லது செவ்வாயாக இருக்கட்டும், வார இறுதி குறுக்கே வந்தால் கணக்குக் குழம்பிவிடும். ஒன்றை உங்கள் அபார்ட்மென்ட் தபால் பெட்டிகளுக்கு நடுவில் இருக்கும் வெளியே போகும் தபாலுக்கான துவாரத்தில் போடுங்கள். இன்னொன்றைத் தபால் நிலைய வாசலில் நிற்கும் நீலப் பெட்டியில், கடைசி பிக்கப் நேரத்துக்கு முன்னால் போடுங்கள். இரண்டும் ஒரே நாள், ஒரே மையம். "வந்து சேர்ந்தது" ஈமெயில் எது முதலில் வருகிறது என்று பாருங்கள். நான் இதைச் சில வாரம் மாற்றி மாற்றிச் செய்து பார்த்தேன். நீலப் பெட்டி டிஸ்க் மறுநாள் காலையே கணக்கில் ஏறிவிடும். அபார்ட்மென்ட் துவாரத்தில் சாயந்திரம் போட்டது அதற்கு ஒரு நாள் பின்னால்தான் வரும். தபால்காரர் அதைத் திறந்து எடுப்பது மறுநாள் பட்டுவாடாவுக்கு வரும்போதுதான், அதில் அவர் குறை ஒன்றும் இல்லை.

நீலப் பெட்டி எல்லாமே ஒன்றுபோல இல்லை. இழுத்துத் திறக்கும் கைப்பிடிக்குக் கீழே ஒரு வெள்ளை அட்டை ஒட்டியிருக்கும். திங்கள் முதல் வெள்ளி வரை எத்தனை மணிக்கு எடுப்பார்கள், சனிக்கிழமை எத்தனை மணிக்கு என்று அதில் போட்டிருக்கும். தெருமுனைப் பெட்டிகளில் காலை பதினொன்றுக்கே கடைசி என்று இருக்கும், தபால் நிலைய வாசலில் சாயந்திரம் ஐந்து வரைக்கும் இருக்கும். அட்டையில் வெயிலில் எழுத்து மங்கிப்போயிருந்தால் உள்ளே கவுண்டரில் கேட்டுவிடுங்கள். நீங்கள் ஆபீஸ் போகும் வழியில் இருக்கும் பெட்டிகளின் நேரத்தை ஒருமுறை பார்த்து வைத்துக்கொண்டால் அப்புறம் யோசிக்கவே வேண்டாம். மனைவி வீட்டில் இருக்கிறாரே, தபால்காரர் வரும் நேரத்துக்குக் கீழே இறங்கி நேராக அவர் கையிலேயே கொடுக்கலாம், வாங்கிக்கொள்வார். எங்கள் வீட்டில் கடைசியில் நிலைத்த வழி அதுதான். தினம் ஒரு மனிதரைப் பார்த்து இரண்டு வார்த்தை பேச ஒரு காரணமும் ஆயிற்று.

டிவிடி இல்லாமலே தபாலைச் சோதிக்கவும் வழி இருக்கிறது. சாதாரண உறையில் உங்கள் விலாசத்தையே எழுதி, ஒரு தபால்தலை ஒட்டி, சந்தேகப்படும் பெட்டியில் போடுங்கள். 2008 மே மாதத்திலிருந்து தபால்தலை 42 சென்ட். அது திரும்பி வரும்போது முத்திரையைப் பாருங்கள், எந்தத் தேதியில் தபால் துறை கையில் எடுத்தது என்று அதில் இருக்கும். நீங்கள் போட்ட நாளும் முத்திரை நாளும் ஒன்றாக இருந்தால் பெட்டி நல்ல பெட்டி. சிவப்பு உறை நமக்குத் திரும்பி வராது, அதனால் அதை வைத்து இதைப் பார்க்க முடியாது.

இந்தத் தொழிலே இப்படி ஒரு சோதனையில்தான் பிறந்தது. 1997-ல், நெட்ஃபிளிக்ஸைத் தொடங்கிய ரீட் ஹேஸ்டிங்ஸும் மார்க் ராண்டால்ஃபும் டிவிடியைத் தபாலில் அனுப்பினால் உடையாமல் போகுமா என்று பார்க்க நினைத்தார்கள். டிவிடி அப்போது அமெரிக்காவில் புதிது, கைக்குக் கிடைக்கவில்லை. ஒரு பாட்டு சிடியை வாங்கி, உறையில் போட்டு, சான்டா குரூஸில் இருந்த ஹேஸ்டிங்ஸ் வீட்டுக்கே அனுப்பினார்கள். முழுசாகப் போய்ச் சேர்ந்தது. அன்றைக்குத் தபால்தலை 32 சென்ட். 1998-ல் கடை திறந்தார்கள், 2007 பிப்ரவரியில் நூறு கோடியாவது டிஸ்க்கை அனுப்பினார்கள்.

கம்பெனி பக்கமே தாமதம் இருக்காதா என்றால், இருக்கும். நடுத் துண்டைப் பாருங்கள். செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது என்று சொல்லிவிட்டு, அடுத்ததைப் புதன்கிழமை அனுப்பினால் அந்த ஒரு நாள் அவர்களுடையது. அடிக்கடி வாங்குகிறவர்களைவிடக் குறைவாக வாங்குகிறவர்களுக்கு முன்னுரிமை தருவோம் என்று அவர்கள் விதிமுறையிலேயே எழுதியிருக்கிறார்கள். இப்படித் தாமதிப்பதை எதிர்த்து 2004-ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் ஒருவர் வழக்குப் போட்டார், அது பிறகு சமரசமாக முடிந்தது. புதுப் படம் என்றால் தூரத்து மையத்திலிருந்து வரலாம், அதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும். எப்போது வந்து சேரும் என்று அனுப்பும் ஈமெயிலிலேயே தேதி போட்டிருப்பார்கள். ஆனால் நீங்கள் புதிதாகச் சேர்ந்தவர், மாதம் ஏழெட்டுப் படம்தான் பார்க்கிறீர்கள். இந்த அளவுக்கு உங்களைப் பின்னால் தள்ள வாய்ப்புக் குறைவு என்றே நினைக்கிறேன். முதல் துண்டைச் சரிசெய்த பிறகும் நடுவில் நாள் போகிறது என்றால் மட்டும் அதைப் பற்றி யோசிக்கலாம்.

உறையைக் கட்டும்போது சில விஷயம் கவனியுங்கள். வெளி மடிப்பைக் கிழித்த பிறகு உள்ளே இருக்கும் ஒட்டும் பட்டையே போதும், மேலே டேப் சுற்ற வேண்டாம், ஸ்டேபிள் அடிக்கவே வேண்டாம். இந்த உறைகள் மெலிசாக இருப்பதால் தபாலை வகை பிரிக்கும் எந்திரத்தில் சிக்குகின்றன, பத்துக்கு ஏழு உறையைக் கையால்தான் வகை பிரிக்க வேண்டியிருக்கிறது என்று தபால் துறையின் தணிக்கை அலுவலகம் 2007 நவம்பரில் அறிக்கை தந்தது. ஒவ்வொன்றுக்கும் 17 சென்ட் கூடுதலாக வாங்கச் சொல்கிற அளவுக்குப் போனார்கள். அதன்மேல் நாமும் தடிமனாக்கக் கூடாது. டிஸ்க்கை அதனதன் வெள்ளை உள்ளுறையிலேயே போடுங்கள், மாறிப்போனால் அங்கே கணக்கு நின்றுவிடும். ஒரு விஷயம், முக்கியமானது: தபால் பெட்டிக்குள் உங்கள் இரண்டு பேர் பெயரையும் எழுதி ஒட்டியிருக்கிறீர்களா? முன்பு குடியிருந்தவர் பெயர் அப்படியே இருந்தால் உங்கள் பெயருக்கு வருவதைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். புதிதாக வந்தவர்களுக்குத் தபால் தாமதம் என்றால் நான் முதலில் கேட்பது இதைத்தான். டிவிடிக்கு மட்டும் இல்லை, சோஷியல் செக்யூரிட்டி அட்டை, வங்கி அட்டை எல்லாம் அந்தப் பெட்டிக்குத்தான் வரும்.

டிவிடி வாடகைக் கடைகள் நடத்தும் பிளாக்பஸ்டருக்கு மாறலாமா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். அவர்கள் டோட்டல் ஆக்சஸ் திட்டத்தில் தபாலில் வந்ததைக் கடையிலேயே கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். கடை நடக்கும் தூரத்தில் இருந்தால் நல்லதுதான். கார் உங்களிடம், மனைவி வீட்டில் என்கிற நிலையில் அதனால் பெரிய லாபம் இல்லை. அதைவிடப் பொது நூலகத்தில் இருவரும் அட்டை வாங்குங்கள், டிவிடி இலவசமாகத் தருகிறார்கள், வெளியே போய் வரவும் ஓர் இடம் கிடைக்கும். தமிழ்ப் படத்துக்கு இந்தியக் கடைதான் வழி. ஊரிலிருந்து கொண்டுவந்த டிஸ்க்குகள் இங்கே வாங்கிய பிளேயரில் ஓடவில்லை என்றால் டிஸ்க் கெட்டுப்போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். டிவிடிக்காக உலகத்தை மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள்: இந்தியா ஐந்தாவது மண்டலம், அமெரிக்கா முதல் மண்டலம். டிவி முறையும் வேறு, அங்கே பால் (PAL), இங்கே என்டிஎஸ்சி (NTSC). எல்லா மண்டலமும், பால் முறையும் ஓடும் பிளேயர் என்று கேட்டு வாங்கினால் தீர்ந்தது.

திட்டத்தை இப்போது குறைக்காதீர்கள். இரண்டு டிஸ்க் திட்டம் 13.99, மிச்சம் மூன்று டாலர்தான். மூன்று இருந்தால் ஒன்று போகிறது, ஒன்று வருகிறது, ஒன்று எப்போதும் வீட்டில் இருக்கும். பகலில் தனியாக இருப்பவருக்கு அந்த மூன்றாவது டிஸ்க் வேண்டும். வருகிற திங்கள், 13-ஆம் தேதி கொலம்பஸ் தினம், தபால் கிடையாது. அந்த வாரத்தில் சோதித்தால் எல்லாமே ஒரு நாள் தள்ளித் தெரியும். அதற்கு அடுத்த வாரம், 20-ஆம் தேதி திங்களன்று ஆரம்பியுங்கள். போட்ட நாள், போட்ட பெட்டி, ஈமெயில் வந்த நாள் மூன்றையும் காலண்டரிலேயே குறித்து வைத்து, அந்த மாதக் கடைசியில் எனக்கு அனுப்புங்கள். சேர்ந்து பார்ப்போம்.