இறக்கத்துக்குத்தான் பயிற்சி: ஐம்பது தாண்டிய முழங்காலும் மலையும் – கேள்வி பதில்

பிசியோதெரபி என் தொழில், மலை நடப்பது என் கிறுக்கு. ஐம்பது தாண்டியவர்கள் மலைப் பயணத்துக்கு உடம்பைத் தயார்படுத்துவது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். எக்ஸ்ரே, ஸ்கேன் அனுப்பி "இது என்ன நோய்?" என்று மட்டும் கேட்காதீர்கள். காலைத் தொட்டுப் பார்க்காமல் அதைச் சொல்ல முடியாது.

கேள்வி: வயது 56, உட்கார்ந்தே பார்க்கும் வேலை. நான்கு மாதம் கழித்து ஐந்து நாள் மலை நடை, முதுகில் 12 கிலோ. தினமும் 5 கிலோமீட்டர் சமதளத்தில் நடக்கிறேன். போதுமா?

போதாது. இந்த நடை மூச்சுக்கும் இதயத்துக்கும் நல்லது, விட்டுவிடாதீர்கள். ஆனால் மலை உங்கள் முழங்காலைச் சோதிப்பது இறங்கும்போது. ஏறும்போது மூச்சு வாங்கினால் நின்று ஆசுவாசப்படுத்திக்கொள்ளலாம். இறங்கும்போது ஒவ்வொரு அடியிலும் தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உங்கள் எடையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும், அதாவது பிரேக் வேலை. சமதள நடையில் அந்த வேலை மிகக் குறைவு.

செயற்கை மூட்டுக்குள்ளேயே அளவுகருவி வைத்துப் பார்த்திருக்கிறார்கள். சமதளத்தில் நடக்கும்போது முழங்காலில் விழும் சுமை உடல் எடையைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு, படி இறங்கும்போது ஏறத்தாழ மூன்றரை மடங்கு. உங்கள் 12 கிலோவுக்கும் இதே கணக்குதான்.

முதல் மாதம் முதுகில் மூட்டை வேண்டாம். ஒரு தாழ்வான படியில் பக்கவாட்டில் நின்று, ஒரு காலை மடக்கி, மூன்று எண்ணும் நேரம் எடுத்து மெதுவாக இறங்கி, அடுத்த காலின் குதிகால் தரையைத் தொட்டதும் திரும்ப ஏறுங்கள். முழங்கால் உள்பக்கமாகச் சாய்கிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். சாய்ந்தால் பெரும்பாலும் இடுப்பின் பக்கத் தசைகள் தூங்குகின்றன என்று அர்த்தம். பக்கவாட்டில் படுத்து காலைத் தூக்கும் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூடவே குதிகாலை உயர்த்தி இறக்குவது. முழங்காலைச் சற்று மடக்கி வைத்தும் அதைச் செய்ய வேண்டும். வாரம் மூன்று நாள், நடுவில் ஓய்வு.

இரண்டாம் மாதம் 3 கிலோ மூட்டையில் தொடங்கி, வாரம் ஒரு கிலோ, தாங்கினால் ஒன்றரைக் கிலோ கூட்டுங்கள். மூன்றாம் மாதத்திலிருந்து வாரம் ஒரு நாள் நீண்ட ஏற்ற இறக்கம். தசை சில வாரங்களில் பலம் பெறும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணுக்கு மாதங்கள் ஆகும். அதனால்தான் கடைசி மாதத்தில் அவசரப்படுபவர்களுக்கு முழங்கால் சிப்பிக்குக் கீழே வலி வந்து நிற்கிறது.

எவ்வளவு வலி வரை பொறுக்கலாம் என்று அடுத்துக் கேட்பீர்கள். பத்துக்கு இரண்டு, மூன்று என்ற அளவில் இருந்து மறுநாள் காலைக்குள் அடங்கினால் சரி. அடங்கவில்லை என்றால் சுமையைக் குறையுங்கள்.

கேள்வி: உட்கார்ந்து எழுந்தால் மூட்டில் 'டக்' சத்தம். மலைக்குப் போகலாமா?

வலியும் வீக்கமும் இல்லையா? அப்படியானால் சத்தத்தைக் கண்டுகொள்ளாதீர்கள்.

கேள்வி: குளுக்கோசமைன் மாத்திரை சாப்பிட்டால் மூட்டு பலமாகுமா?

2006இல் அமெரிக்காவில் பெரிய ஆய்வு ஒன்று வெளியானது. மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களிடம், மொத்தமாகப் பார்த்தால், அது மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிடக் குறிப்பிடும்படி வலியைக் குறைக்கவில்லை. அந்தக் காசில் நல்ல காலணி வாங்குங்கள்.

கேள்வி: வயது 60. வெளிநாட்டில் இருக்கிறேன். உரிமம் வாங்கி மலையில் வேட்டைக்குப் போகும் நண்பர்களோடு இந்த ஆண்டு நானும் போகிறேன். பயிற்சி மாறுமா?

மாறும். நல்ல கேள்வி, இதை யாரும் கேட்பதில்லை. சாதாரண மலை நடையில் சாப்பாடு தீரத் தீர மூட்டை குறையும். வேட்டையில் நேர்மாறு. போகும்போது இலேசாகப் போவீர்கள், திரும்பும்போது இறைச்சியைச் சுமந்துகொண்டு, களைத்த காலோடு, பெரும்பாலும் இருட்டில் இறங்குவீர்கள். ஆகவே சுமையோடு இறங்கிப் பழகுவது உங்களுக்கு மற்றவர்களைவிட முக்கியம். ஒரே நடையில் எல்லாவற்றையும் தூக்கி வீரம் காட்ட வேண்டாம், பங்கு போட்டு இரண்டு மூன்று நடையாகக் கொண்டுவாருங்கள்.

இரண்டாவது, உங்களுக்குப் பாதை கிடையாது. சரிவில் குறுக்காக நடப்பீர்கள், ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. கணுக்கால்தான் அங்கே முதலில் பிசகும். ஒற்றைக் காலில் நிற்கும் பயிற்சியைத் தினமும் செய்யுங்கள். பிறகு சரளைக்கல், புல்மேடு என்று கரடுமுரடான தரையில் நடங்கள்.

மூன்றாவது இதயம். மணிக்கணக்கில் குளிரில் அசையாமல் காத்திருந்துவிட்டு, பரபரப்பில் சட்டென்று செங்குத்தாக ஏறுவது அறுபது வயது இதயத்துக்குப் பெரிய அதிர்ச்சி. கிளம்பும் முன் இதயப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி வந்தால் வேட்டை அத்தோடு முடிந்தது.

கேள்வி: நான் தினமும் 12 மாடி படியேறி லிஃப்டில் இறங்குகிறேன். இறங்குவதுதான் மூட்டைத் தேய்க்கும் என்பதால் இப்படி. சரிதானே?

மலையில் லிஃப்ட் இருந்தால் சரி. நாளை முதல் மூன்று மாடி மட்டும் படியில் இறங்குங்கள், மெதுவாக, கைப்பிடியைத் தொட்டுக்கொண்டு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு மாடி கூட்டுங்கள்.

கேள்வி: மன்னிக்கவும், இது ஆபத்தான அறிவுரை. எலும்பு மருத்துவர் என்னைப் படியே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்.

வீங்கிய மூட்டோடு போயிருப்பீர்கள், அப்போதைக்கு அது சரியான அறிவுரை. அது ஆயுள் தண்டனையா என்று அவரிடமே கேளுங்கள். மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. அழுந்தி விடுபடும்போதுதான் மூட்டுத் திரவத்திலிருந்து அதற்கு ஊட்டம் கிடைக்கிறது. காலை அசைக்காமல் வைத்துக் காப்பாற்ற முடியாது. 2017இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பொழுதுபோக்காக ஓடுபவர்களில் இடுப்பு, முழங்கால் தேய்மானம் 3.5 சதவீதம் பேருக்கு. ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்களில் 10.2 சதவீதம்.

கேள்வி: மூட்டு நல்லாயிருப்பவன்தானே ஓடுவான்? அதை வைத்து ஓட்டம் மூட்டைக் காத்தது என்று எப்படிச் சொல்வீர்கள்?

நியாயமான மடக்கல். ஓட்டம் காத்தது என்று அந்த எண்ணை வைத்து மட்டும் நிரூபிக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பயன்படுத்தினாலே தேயும் என்பது உண்மையானால் அந்த எண் தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

கேள்வி (லிஃப்ட் பற்றிக் கேட்டவரிடமிருந்து): எம்ஆர்ஐயில் எனக்கு முழங்காலுக்குள் மெத்தை போல இருக்கும் சவ்வு (மெனிஸ்கஸ்) கிழிந்திருக்கிறது. இப்போதும் இறங்கச் சொல்வீர்களா?

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்! 2008இல் வெளியான ஓர் ஆய்வில், நடுவயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் சவ்வு கிழிந்திருந்தவர்களை விசாரித்தபோது, 61 சதவீதம் பேருக்கு முந்தைய ஒரு மாதத்தில் முழங்கால் வலியோ விறைப்போ இல்லை. படத்தில் கிழிசல் தெரிவதாலேயே பயப்பட வேண்டாம். மூட்டு பூட்டிக்கொள்கிறதா, நடக்கும்போது சட்டென்று மடங்குகிறதா, வீங்குகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். எதுவும் இல்லையென்றால் ஒரு பிசியோவின் கண்முன்னால் இறங்கத் தொடங்குங்கள்.

முதல் சில நாள் தொடை வலிக்கும். மறுநாளோ அதற்கடுத்த நாளோ உச்சத்துக்குப் போய் அடங்கும். அது தசை வலி, மூட்டு வலி இல்லை. ஒருமுறை இப்படி வலித்த தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலைக்கு அவ்வளவு வலிக்காது. அதனால் பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பு கடைசியாக ஒரு பெரிய இறக்கம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு குறைத்துவிடுங்கள். லிஃப்ட் விவாதம் இத்தோடு போதும்.

கேள்வி: நீ-கேப் (முழங்கால் உறை) போட்டால் போதுமா?

கதகதப்பும் தைரியமும் தரும். எடையைத் தாங்காது.

கேள்வி: ஊன்றுகோல் பிடித்து நடந்தால் கால் பலவீனமாகும் என்கிறார் நண்பர்.

பயிற்சியில் சில நாள் கோல் இல்லாமல் நடங்கள், மலையில் இரண்டு கோல் எடுத்துச் செல்லுங்கள். இறக்கத்தில் முழங்கால் சுமையை நன்றாகவே குறைக்கும். இறங்கும்போது நீளத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: இறங்கும் முன் ஒரு வலிமாத்திரை போட்டுக்கொள்ளலாமா?

வேண்டாம். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். வலி தெரியாமல் போனால் அடியைத் தப்பாக வைப்பது தெரியாது. அதோடு உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல்.

கேள்வி: 8 கிலோ அதிக எடை. முதலில் அதைக் குறைக்கவா, பயிற்சியா?

இரண்டும் சேர்த்து. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு ஏறத்தாழ நாலு கிலோ சுமை குறையும்.

கேள்வி: நீ-கேப்பில் எது நல்லது? குளுக்கோசமைனோடு சேர்த்துப் போடலாமா?

மேலே படியுங்கள். இரண்டுக்கும் பதில் இருக்கிறது.

கேள்வி: 4,000 மீட்டர் போகிறோம். உயர நோய்க்கு மாத்திரை?

மாத்திரைக்கு மருத்துவரைக் கேளுங்கள், என் துறை இல்லை. 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

கேள்வி: மூன்று வாரம்தான் இருக்கிறது. வேகமாகத் தயாராக வழி?

இல்லை. மூட்டையைக் குறையுங்கள், அல்லது சிறிய மலைக்குப் போங்கள்.

கேள்வி: மூட்டு மாற்று அறுவை செய்து இரண்டு ஆண்டு ஆகிறது. மலை நடக்கலாமா?

பலர் நடக்கிறார்கள். குதிப்பது, ஓடி இறங்குவது வேண்டாம். எவ்வளவு சுமை தூக்கலாம் என்பதை அறுவை செய்தவரிடம் கேட்டுவிட்டு, தாழ்வான படியில் அந்த மூன்று எண்ணும் இறக்கத்திலிருந்து தொடங்குங்கள்.