வெள்ளைப்படுதல் எப்போது நோய்? வாசகியர் கேள்விகளுக்கு மகப்பேறு மருத்துவரின் பதில்கள்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வெள்ளைப்படுதலைப் பற்றியவை. எழுதியவர்களில் திருமணமாகாத பெண்களும் இருக்கிறார்கள், நிறைமாதக் கர்ப்பிணிகளும் இருக்கிறார்கள். பெயர்களைத் தவிர்த்துச் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

டாக்டர், எனக்கு வயது 22. மூன்று ஆண்டுகளாக வெள்ளைப்படுகிறது. அரிப்போ துர்நாற்றமோ இல்லை. உடல் சூடு என்று அம்மா வெந்தயமும் இளநீரும் தருகிறார். எலும்பு உருகித்தான் இப்படி வருகிறது, கல்யாணமானால் குழந்தை தங்காது என்று உறவினர் ஒருவர் சொன்னதிலிருந்து தூக்கமே இல்லை. கருநிற உள்ளாடைகள்கூட நடுவில் வெளிறிப்போகின்றன. இது எதனால்?
வாசகி, திண்டுக்கல்

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இது நோயாகத் தெரியவில்லை. கருப்பைவாயில் சுரக்கும் சளி, யோனியின் உட்சுவரிலிருந்து உதிரும் செல்கள், அங்கே கசியும் நீர் ஆகியவை சேர்ந்து நாள்தோறும் சிறிதளவு வெளியேறுவது, பருவமடைந்த பெண்ணுக்கு மாதவிலக்கு நிற்கும் வயதுவரை இயல்பானது. நாளொன்றுக்கு 1 முதல் 4 மில்லி, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. சினைமுட்டை வெளிவரும் நாட்களை ஒட்டி அது நிறமிழந்து, இரு விரல்களுக்கிடையே இழுத்தால் அறுபடாமல் நீளும் அளவுக்கு வழுவழுப்பாகும். விந்தணுக்கள் கருப்பைக்குள் எளிதாகச் சென்றடைவதற்காக உடல் செய்துகொள்ளும் ஏற்பாடு அது. குழந்தை தங்காது என்று எதைக் காட்டி உங்களைப் பயமுறுத்தினார்களோ, அது இல்லாவிட்டால்தான் கருத்தரிப்பது கடினம்.

உள்ளாடை வெளிறுவதும் நலத்தின் அடையாளமே. ஈஸ்ட்ரோஜன் சுரப்பினால் யோனிச் சுவரின் செல்களில் கிளைகோஜன் என்னும் சர்க்கரைப் பொருள் சேர்கிறது. அங்கு வாழும் லாக்டோபேசிலஸ் வகை நுண்ணுயிரிகள் அதிலிருந்து லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. ஜெர்மானிய மகப்பேறு மருத்துவர் ஆல்பர்ட் டோடர்லைன் 1892ஆம் ஆண்டிலேயே இவற்றை விவரித்திருக்கிறார். இந்த அமிலத்தால் அப்பகுதியின் பிஎச் அளவு (அமிலத்தன்மையின் அளவீடு, எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 3.8 முதல் 4.5 வரை இருக்கும், பிற கிருமிகள் பெருக முடியாது. அதே அமிலம்தான் துணியின் சாயத்தையும் வெளுக்க வைக்கிறது.

எலும்பிலிருந்து இதற்குள் எதுவும் வருவதில்லை. வெந்தயமும் இளநீரும் கெடுதல் செய்யாது, பிடித்தால் சாப்பிடுங்கள். சோர்வும் இருந்தால் ஹீமோகுளோபின் பாருங்கள். 12 கிராமுக்குக் கீழே இருந்தால் இரத்தசோகை, அதற்குத் தனியாக மருந்து உண்டு. இளம்பெண்களின் களைப்புக்கு வெள்ளைப்படுதலைக் குற்றம் சாட்டிவிட்டு இரத்தசோகையைக் கவனிக்காமல் விடுவதுதான் நம் வீடுகளில் அதிகம் நடக்கிறது. நிறம் பச்சையாகவோ சாம்பலாகவோ மாறினாலும், வாடை வந்தாலும், அரிப்பு, எரிச்சல், அடிவயிற்று வலி, மாதவிலக்கு அல்லாத நாட்களில் இரத்தக்கசிவு ஆகியவற்றில் ஏதேனும் சேர்ந்தாலும் மருத்துவரைப் பாருங்கள்.

வயது 27. திருமணமாகி ஓராண்டு ஆகிறது, குழந்தைக்குத் திட்டமிடுகிறோம். இந்த ஓராண்டில் நான்கு முறை கடுமையான அரிப்புடன் தயிர்த்திரி போல் வெள்ளைப்பட்டது. ஒவ்வொரு முறையும் மருந்துக்கடையில் ஒரு க்ரீம் வாங்கிப் பூசுவேன், இரண்டே நாளில் அரிப்பு நின்று மறு மாதம் திரும்பிவிடும். கருவுற்ற பிறகும் இப்படி வந்தால் என்ன செய்வது?
வாசகி, கோயம்புத்தூர்

கருவுறுவதற்கு முன்பே கேட்டது நல்லதாயிற்று. நீங்கள் சொல்லும் அறிகுறிகள் கேண்டிடா என்னும் பூஞ்சைத் தொற்றுக்கு உரியவை. நான்கில் மூன்று பெண்களுக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வருகிற சாதாரணத் தொற்று இது. ஆனால் ஓராண்டில் மூன்று முறையோ அதற்கு மேலோ வந்தால், மீண்டும் மீண்டும் வரும் வகை என்று கருதிக் காரணத்தைத் தேட வேண்டும்.

முதலில் அந்த க்ரீமின் அட்டைப்பெட்டியை எடுத்துப் பின்பக்கம் பாருங்கள். பூஞ்சைக்கொல்லி, பாக்டீரியாக்கொல்லி ஆகியவற்றுடன் குளோபெட்டசால் அல்லது பீட்டாமெத்தசோன் என்ற பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு கலந்த கூட்டுக் களிம்பு. இரண்டு நாளில் அரிப்பை அடக்கியது அந்த ஸ்டீராய்டுதான். பூஞ்சை அங்கேயே இருக்கும், தோல் மெலிந்துபோகும், அடுத்த முறை சாதாரண மருந்துக்கு அடங்குவதும் கடினமாகும். மருத்துவர் எழுதிக்கொடுக்காமல் இவ்வகைக் களிம்பை அந்த இடத்தில் தொடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அடுத்து இரத்தச் சர்க்கரையைப் பரிசோதியுங்கள். வேறு அறிகுறி எதுவும் இல்லாமல், அடிக்கடி வரும் பூஞ்சைத் தொற்றால் மட்டுமே நீரிழிவு வெளிப்படுவது உண்டு. சளி, காய்ச்சல் என்று அடிக்கடி ஆன்டிபயாட்டிக் எடுப்பவராக இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். காவல் காக்கும் நுண்ணுயிரிகளையும் அம்மருந்துகள் அழித்துவிடுகின்றன. பிறகு யோனியிலிருந்து பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்துக் கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை செய்ய வேண்டும், ஏனென்றால் கேண்டிடாவின் சில வகைகள் வழக்கமான ஃப்ளூகோனசோல் மாத்திரைக்குச் சரியாகக் கட்டுப்படுவதில்லை.

தொற்று உறுதியானால், தொடக்கச் சிகிச்சைக்குப் பின் வாரம் ஒருமுறை 150 மில்லிகிராம் ஃப்ளூகோனசோல் என்று ஆறு மாதங்கள் தருவது வழக்கம். இங்கேதான் உங்கள் திட்டமிடல் முக்கியமாகிறது. கர்ப்பத்தில் இம்மாத்திரையைத் தவிர்க்க வேண்டும் என்பதால், இச்சிகிச்சை முடியும்வரை கருத்தடை முறை ஒன்றைப் பின்பற்றுவதே பாதுகாப்பு. ஆணுறை பயன்படுத்துபவர்கள் கவனிக்க: யோனிக்குள் வைக்கும் க்ளோட்ரிமசோல் மருந்துகள் ஆணுறையின் ரப்பரைப் பலவீனமாக்கும். கருத்தரிக்க விரும்பும் பெண்கள் நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலத்தை முன்கூட்டியே தொடங்க வேண்டும் என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

ஐந்து மாதக் கர்ப்பிணி நான். வெள்ளைப்படுதல் முன்பைவிட அதிகமாகி, ஒரு வாரமாகத் தாங்க முடியாத அரிப்பு. மருந்துக்கடையில் ஒரே ஒரு மாத்திரை போதும் என்று கொடுத்தார்கள். மாமியார் வேண்டாம் என்று தடுத்துவிட்டார். போடலாமா?
வாசகி, விருத்தாசலம்

உங்கள் மாமியார் தடுத்தது சரி. ஒரே வேளை மாத்திரை என்றால் அது ஃப்ளூகோனசோலாகவே இருக்கக்கூடும், கர்ப்ப காலத்தில் அது வேண்டாம்.

கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன் மிகுவதால் வெள்ளைப்படுதல் கூடுவது இயல்பு. யோனிச் சுவரில் கிளைகோஜன் மிகுவதால் பூஞ்சைக்கும் அது வசதியாகிவிடுகிறது. கர்ப்பிணிக்குப் பாதுகாப்பான சிகிச்சை, யோனிக்குள் வைக்கும் க்ளோட்ரிமசோல் மாத்திரையை இரவு படுக்கப்போகும்போது ஏழு நாட்கள் வைப்பது. பெட்டியில் பிளாஸ்டிக் குழல் ஒன்று இருந்தாலும் அதைப் பயன்படுத்தாமல், கையைச் சோப்பிட்டுக் கழுவி விரலால் வைப்பதே நல்லது, குழல் கருப்பைவாயில் இடிக்க வாய்ப்புண்டு. காலையில் கரைந்த மருந்து வெள்ளையாக வழியும், பயப்பட வேண்டாம். மூன்றாம் நாளே அரிப்பு நின்றாலும் ஏழு நாளும் முடியுங்கள். இத்தொற்று குழந்தையின் வளர்ச்சியைப் பாதிப்பதில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் 75 கிராம் குளுக்கோஸ் நீரைக் குடிக்கக் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுக்கும் பரிசோதனை உங்களுக்கு ஆகிவிட்டதா? 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்பகால நீரிழிவு. அதைக் கட்டுப்படுத்தாமல் பூஞ்சைக்கு மட்டும் மருந்து வைத்துக்கொண்டிருப்பதில் பலனில்லை.

என் மனைவி நான்கு மாதக் கர்ப்பிணி. உறவுக்குப் பின் மீன் வாடை வருகிறது என்று கூச்சப்பட்டு விலகியே இருக்கிறார். மருத்துவர் பாக்டீரியா தொற்று என்று மாத்திரை எழுதியிருக்கிறார். இது என்னிடமிருந்து போயிருக்குமா? குழந்தைக்கு ஆபத்தா?
வாசகர், திருப்பூர்

கணவர்கள் எழுதுவது அரிது, ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன். மருத்துவர் குறிப்பிட்டது பாக்டீரியல் வஜைனோசிஸ். வெளியிலிருந்து புதிதாக ஒரு கிருமி படையெடுத்து வந்து உண்டாக்குவதைவிட, லாக்டோபேசிலஸ் குறைந்து மற்ற பாக்டீரியாக்கள் பெருகி, அங்குள்ள சமநிலை குலைவதே இதன் தன்மை. அமிலத்தன்மை குறைந்து பிஎச் 4.5ஐத் தாண்டும், வெளிப்படுவது சாம்பல் கலந்த வெண்ணிறத்தில் நீர்த்திருக்கும். விந்து காரத்தன்மை உடையது என்பதால், அது கலந்ததும் அந்தப் பாக்டீரியாக்கள் உண்டாக்கிய அமீன்கள் என்னும் வேதிப்பொருட்கள் ஆவியாகி வாடையாக எழுகின்றன. மனைவியின் சுத்தக்குறைவோ ஒழுக்கமோ இதற்குக் காரணமல்ல என்பதை அவரிடம் நீங்களே சொல்வது, மருத்துவர் சொல்வதைவிட அவருக்கு ஆறுதல் தரும்.

கர்ப்பிணிகளுக்கு இத்தொற்று இருந்தால் குறைப்பிரசவத்துக்கும் பனிக்குடம் முன்கூட்டியே உடைவதற்கும் வாய்ப்பு சற்றுக் கூடுகிறது. எனவே அறிகுறி உள்ளவர்களுக்குச் சிகிச்சை தர வேண்டும். எழுதியிருப்பது மெட்ரோனிடசோல் என்றால், அது கர்ப்பத்தில் கொடுக்கப்படும் மருந்துதான். வழக்கமான அளவு 500 மில்லிகிராம், நாளுக்கு இருவேளை, ஏழு நாட்கள். வாயில் உலோகச் சுவை தட்டும், குமட்டலும் வரலாம், சாப்பிட்ட பிறகு எடுத்தால் குறையும்.

உங்கள் பங்கைப் பற்றிக் கேட்டீர்கள். கணவருக்குச் சிகிச்சை தேவையில்லை என்றுதான் நெடுங்காலம் சொல்லிவந்தோம். 2025இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், இணையருக்கும் சேர்த்து மருந்து கொடுத்தபோது பன்னிரண்டு வாரங்களுக்குள் தொற்று திரும்பியவர்கள் 35 விழுக்காடு, பெண்ணுக்கு மட்டும் கொடுத்தபோது 63 விழுக்காடு. ஆகவே மனைவிக்கு இது திரும்பத் திரும்ப வந்தால் நீங்களும் உடன் சென்று மருத்துவரிடம் பேசுங்கள். பச்சை கலந்த மஞ்சள் நிறத்தில் நுரைத்து வந்தால் அது டிரைக்கோமோனாஸ் என்னும் வேறு தொற்றாக இருக்கலாம். உறவின் மூலம் பரவுவது அது, அதற்கு இருவரும் ஒரே நேரத்தில் கட்டாயம் மருந்து எடுக்க வேண்டும்.

பெண்களுக்கென்று விளம்பரம் செய்யும் பிரத்யேகத் திரவ சோப்பைத் தினமும் பயன்படுத்தலாமா?
வாசகி, செங்கல்பட்டு

தேவையில்லை. வெளிப்பகுதிக்கு வெறும் தண்ணீர் போதும். உள்ளே சோப்பு, டெட்டால், வேப்பிலை நீர், மஞ்சள் நீர் எதையும் செலுத்தாதீர்கள், யோனி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் உறுப்பு. கழிப்பறையில் முன்னிருந்து பின்னாகக் கழுவுவதும், பருத்தி உள்ளாடையை வெயிலில் காயவைத்து உடுத்துவதும், மாதவிலக்கு நாட்களில் நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கினை மாற்றுவதும் போதுமான சுகாதாரம்.

33 வாரக் கர்ப்பம். நேற்றிலிருந்து உள்ளாடை நனைந்துகொண்டே இருக்கிறது. வெள்ளைப்படுதலா, சிறுநீரா, பனிக்குட நீரா என்று எப்படி அறிவது?
வாசகி, தேனி

இக்கடிதத்துக்கு ஆசிரியர் குழு உடனே தனியாகப் பதில் அனுப்பிவிட்டது. மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன். வெள்ளைப்படுதல் சற்றுக் கொழகொழப்பாக இருக்கும், சிறுநீருக்கு அதற்கே உரிய வாடை உண்டு, பனிக்குட நீர் தண்ணீராக, நிறுத்த நினைத்தாலும் நிற்காமல், எழுந்து நடக்கும்போது மேலும் கசியும். ஆனால் வீட்டிலிருந்தபடி இதை உறுதியாகத் தீர்மானிக்க முடியாது. சுத்தமான நாப்கின் ஒன்றை வைத்துக்கொண்டு அன்றே மருத்துவமனைக்குச் சென்று, அதன் நிறத்தைக் காட்டுங்கள். நீர் பச்சையாக இருந்தாலும், இரத்தம் கலந்திருந்தாலும், காய்ச்சலோ வலியோ இருந்தாலும், குழந்தையின் அசைவு குறைந்தாலும் 108ஐ அழைத்துவிடுங்கள். 37 வாரங்களுக்கு முன் பனிக்குடம் உடைந்தால் தொற்று ஏறாமல் காப்பதற்கும், குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்கும் ஊசிகள் உண்டு. அவற்றைக் காலத்தோடு போட வேண்டும். கசிவது பனிக்குட நீர் அல்ல என்று மருத்துவர் உறுதிசெய்யும்வரை தாம்பத்திய உறவு கூடாது, யோனிக்குள் எதையும் வைக்கவும் கூடாது.

என் மகளுக்கு 21 வயது, அடுத்த ஆண்டு திருமணம். கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியை இப்போது போடலாமா?
வாசகி, சேலம்

போடலாம். 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஆறு மாதங்களில் மூன்று தவணைகள். திருமணத்துக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது. இடையில் கருவுற்றால் மீதித் தவணையை நிறுத்திவைத்து, பிரசவத்துக்குப் பின் தொடரலாம். தெரியாமல் கர்ப்பத்தின்போது போட்டுக்கொண்டாலும் அதற்காகக் கருவைக் கலைக்கத் தேவையில்லை. தாய்ப்பால் கொடுக்கும் காலத்திலும் இந்த ஊசியைப் போட்டுக்கொள்ளலாம்.