கீழக்கரைக் கடைகளுக்கு விற்கும் மென்பொருளைத் துபாய்க்குக் கொண்டுபோகும் முன் எதையெல்லாம் சரிசெய்ய வேண்டும்?

கேள்வி இதுதான்: ராமநாதபுரத்தில் ஐந்தாறு பேர் நடத்தும் நிறுவனம். மீன், கருவாடு, தொதல் இனிப்புக் கடைகளுக்கு மாதச் சந்தாவில் ஆன்லைன் கடை அமைத்துத் தருகிறது. மாதம் பத்துக் கடை புதிதாகச் சேர்ந்தும் மொத்தம் 200-ஐத் தாண்டவில்லை. வெளிநாட்டுக்குப் போனால் வளருமா?

முதலில் அந்த 200 ஏன் நகரவில்லை என்று பாருங்கள். மாதம் 5 சதவீதக் கடைகள் விலகினால், 200-ஐத் தொடும்போது விலகுவது பத்து, சேர்வதும் பத்து. அதற்கு மேல் ஏறாது. விளம்பரத்தை இரட்டிப்பாக்கி மாதம் இருபது கடை பிடித்தாலும் 400-இல் நின்றுவிடும். விலகலை 2 சதவீதமாகக் குறைத்தால், அதே பத்துக் கடையை வைத்து 500 வரை போகலாம். இதைச் சரிசெய்யாமல் வெளிநாடு போனால் ஓட்டை வாளியோடு இன்னொரு கிணற்றுக்குப் போவதுதான்.

நம் கரையில் விலகலுக்கான காரணத்தைக் காலண்டரில் தேடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகு மீன் வரும், ஆனால் வரத்து குறைவு. பாம்பன், மண்டபம் விசைப்படகை நம்பியிருக்கும் கடைக்காரர் சந்தாவை நிறுத்துகிறார். ஜூனில் திரும்ப வந்தால் படம், விலைப்பட்டியல் எல்லாவற்றையும் மறுபடி ஏற்ற வேண்டும் என்பதால் வராமலே இருந்துவிடுகிறார். சிறு கட்டணத்தில் கடையை அப்படியே நிறுத்திவைக்கும் வசதி கொடுங்கள். ஆண்டுச் சந்தாவைப் பிப்ரவரி, மார்ச்சில், கையில் காசு புழங்கும்போது விற்றுவிடுங்கள். கருவாட்டுக் கடைகளுக்கு இதே சிக்கல் வடகிழக்குப் பருவமழையில் வரும்.

அடுத்து, எதை வைத்து வெளிநாட்டில் விற்பீர்கள்? பொதுவான கடை மென்பொருளில் விலையை எண்ணிக்கையால் பெருக்கினால் பில் முடிந்தது. மீன் கடையில் அப்படி முடியாது. ஒரு கிலோ வஞ்சிரம் கேட்டவருக்கு வெட்டி நிறுத்தால் 1.08 கிலோ நிற்கும். யூபிஐயில் முன்பணம் வாங்கினால் வித்தியாசத்தைத் திருப்ப வேண்டும், அல்லது மறுபடி கேட்க வேண்டும். வெளிநாட்டில் கார்டு என்பதால் வேலை சுலபம்: மதிப்பைவிடச் சற்று அதிகமாகப் பிடித்துவைத்து, தராசில் நின்ற எடைக்கு மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பிடித்துவைத்த தொகை பொதுவாக ஒரு வாரத்தில் காலாவதியாகும். இரண்டு வாரம் முன்பே வாங்கும் பெருநாள் ஆர்டருக்கு இது உதவாது. இன்னொன்று: காலை ஏலத்துக்குப் பிறகு மாற்றும் விலை முந்தைய இரவு ஆர்டரைத் தொடக் கூடாது. ஆர்டர் விழுந்த நொடியின் விலையை அந்த ஆர்டரிலேயே பதிந்துவையுங்கள். இவை சரியாக ஓடினால் துபாய் தேரா பகுதி மீன் கடைக்காரருக்கும் உங்கள் மென்பொருள் தேவைப்படும். எனக்குத் தெரிந்து உங்கள் கையில் இருக்கும் பெரிய பலம் இதுதான்.

பிறகு சரிசெய்ய வேண்டியது, இந்தியாவை மட்டும் மனதில் வைத்து எழுதிய மென்பொருள் நிரல். பின்கோடு கட்டாயம் என்று வைத்திருந்தால் அமீரகத்தில் ஒருவரும் ஆர்டர் போட முடியாது. அங்கே பின்கோடே கிடையாது. சிங்கப்பூர் போன் எண்ணுக்கு எட்டு இலக்கம். தொகையைப் பைசாவாக்க 100-ஆல் பெருக்கியிருப்பீர்கள். குவைத், பஹ்ரைன் தினாருக்கும் ஓமன் ரியாலுக்கும் மூன்று தசமம், 1000-ஆல் பெருக்க வேண்டும். சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று டேட்டாபேஸில் தனித்தனிப் பத்தி இருந்தால் எடுத்துவிட்டு, நாடு, வரிப்பெயர், விகிதம், அமலான தேதி என்று ஒரே அட்டவணையாக்குங்கள். அமீரக வாட் 5 சதவீதம், சிங்கப்பூர் ஜிஎஸ்டி 2024 முதல் 9. இரண்டு இடத்திலும் வரி சேர்த்த விலையைத்தான் வாடிக்கையாளருக்குக் காட்ட வேண்டும்.

பணம் வரும் வழியில்தான் நம் ஊர் ஆட்கள் அதிகம் மாட்டுகிறார்கள். வெளிநாட்டுக் கடைக்கு ஜிஎஸ்டி இல்லாமல் பில் போட, ஆர்எஃப்டி-11 படிவத்தில் எல்யூடி உறுதிமொழி கொடுத்திருக்க வேண்டும். ஒவ்வொரு நிதியாண்டுக்கும் புதிதாக. மறந்தால் 18 சதவீத ஐஜிஎஸ்டியைக் கட்டிவிட்டு ரீஃபண்டுக்கு அலைய வேண்டும். துபாய்க் கடைக்காரர், “தம்பி ஊர்லதான் இருக்கான், ஜிபேல போடச் சொல்றேன்” என்பார். சம்மதிக்காதீர்கள். ரிசர்வ் வங்கி அனுமதித்த இனங்கள் தவிர, அந்நியச் செலாவணியாக வராத பணம் ஏற்றுமதிக் கணக்கில் சேராது. அந்த 18 சதவீதம் உங்கள் தலையில் விழும். உண்டியலில் (ஹவாலாவில்) வாங்குவது ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டத்தையே மீறுவது. ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் கேட்வேயில் சர்வதேசக் கார்டு வசதியைத் தனியாக விண்ணப்பித்துத் திறங்கள். ஒவ்வொரு வரவுக்கும் வங்கியின் அந்நியப் பண வரவுச் சான்றை பில் எண்ணோடு சேர்த்து வையுங்கள்.

முதல் நாடாக அமீரகத்தையே சொல்வேன். நேரம் நமக்கு ஒன்றரை மணி பின்னால், கீழக்கரை, தொண்டி ஆட்கள் நிறைய, வரி ஒரே விகிதம். சவூதியைத் தள்ளிப்போடுங்கள், அங்கே மின்னணு பில் விதி 2021 டிசம்பரிலேயே வந்துவிட்டது, அதற்கென்று தனியாக மென்பொருள் வேலை இருக்கிறது. மலேசியாவும் 2024 ஆகஸ்ட் முதல் கட்டம் கட்டமாக அதே வழியில் போகிறது.

தெரிந்தவர் கடை என்று இலவசமாகக் கொடுக்காதீர்கள். முதல் மாதமே திர்ஹமில் காசு வாங்குங்கள். பிடிக்காதவர் அப்போதுதான் விலகுவார், ஏன் என்றும் சொல்வார். ரூபாய் விலையை அப்படியே மாற்றிப் போடாமல், கேட்வே கட்டணம், உதவி ஆள் சம்பளம் இரண்டையும் சேர்த்துத் தனி விலை வையுங்கள். அங்கே கடை இரவு பத்துக்கு மூடும்போது இங்கே பதினொன்றரை. அந்த நேரத்தில் பில் நின்றுபோனால் எடுத்துப் பேச ஒருவர் இருக்க வேண்டும். பத்துக் கடை ஆறு மாதம் தொடர்ந்து கட்டிய பிறகு சிங்கப்பூரைப் பாருங்கள்.